மாடியில் நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பிகள்

நேயர்களுக்கு வணக்கம். மொரீஷியஸில் வீட்டு விலையைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து வாங்குகிறார்கள், அதனால் விலை ஏறுகிறது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், கேட்கிறவர்களுக்கும் அது பிடிக்கும். ஆனால் நம் வீட்டுக்குள்ளேயும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

கத்ர் போர்ன் நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சந்தில் நுழைந்தாலும் பழைய கான்கிரீட் வீடுகளின் தட்டைக் கூரையில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். புதிதாக வருகிறவர் காசில்லாமல் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று நினைப்பார். நமக்குத் தெரியும், அது பையனுக்கு, இல்லையென்றால் பெண்ணுக்கு. 1960இல் அலிக்ஸ், கரோல் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்து தகர வீடுகளை வாரிக்கொண்டு போன பிறகு எல்லாருக்கும் கான்கிரீட் மேல் ஆசை வந்தது. கீழே அப்பா அம்மா, கல்யாணம் ஆனதும் மேலே பிள்ளை. ஒரு வருஷக் கடைசி போனஸில் சுவர், அடுத்த வருஷ போனஸில் கூரை, ஜன்னலுக்கு மாமனார் கொடுப்பார். மனைக்குத் தனியாகக் காசு கிடையாது. சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியான வீடு என்று இந்தத் தீவில் இருந்தது பெரும்பாலும் அந்த மாடிதான்.

இப்போது அந்த வீடுகளில் பல இடிபடுகின்றன. 2022இல் மெட்ரோ ரயில் கியூர்பிப் நகரம் வரை ஓட ஆரம்பித்தது, நல்லதுதான், நானும் அதில்தான் போகிறேன். ஆனால் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் பத்து பெர்ஷ் மனை, அதாவது சுமார் 4,500 சதுர அடி, ஒன்று இருந்தால் போதும், அதன் மேல் எத்தனை ஃபிளாட் நிற்கும் என்று ப்ரொமோத்தர், அதாவது ஃபிளாட் கட்டி விற்கிறவர், மனக்கணக்குப் போட்டுவிடுவார்.

வெளிநாட்டவர் இங்கே சொத்து வாங்க 1975ஆம் வருஷச் சட்டம் ஒன்று கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 2016 கடைசியில் அதில் ஒரு கதவைத் திறந்தார்கள். தரைத்தளமும் அதற்கு மேல் குறைந்தது இரண்டு மாடியும் இருக்கிற கட்டடத்தில், 6 மில்லியன் ரூபாய்க்குக் குறையாத ஃபிளாட் என்றால் வெளிநாட்டவரும் வாங்கலாம். மலிவான வீடுகள் நமக்கு மிஞ்சட்டும் என்றுதான் அந்த எல்லை. என் கணிப்பு வேறு. ப்ரொமோத்தர் ஏன் அந்த எல்லைக்குக் கீழே கட்டப்போகிறார்? 2024 ஜனவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 16,500 ரூபாய். அதில் ஒரு சதம்கூடத் தொடாமல் சேர்த்தாலும் 6 மில்லியனுக்கு முப்பது வருஷம் ஆகும். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் 2020 பட்ஜெட்டில் 12,000 சமூக வீடுகள் என்றது. சொன்ன வேகத்தில் எழும்பவில்லை, அதைப் பற்றி வேறு நாள் பேசலாம்.

சரி, ப்ரொமோத்தருக்கு அந்த மனை எப்படிக் கிடைக்கிறது? நாம்தான் கொடுக்கிறோம். தாத்தா போனார், அப்பா போனார், பத்திரம் இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கிறது. வாரிசுகளில் ஒருவர் பாரிஸில், ஒருவர் மெல்பர்னில், ஒருவர் அதே வீட்டு மாடியில். மாடியில் இருப்பவர் இருபது வருஷம் கடன் கட்டி அந்த மாடியைக் கட்டியிருப்பார், ஆனால் அது அவருடையது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. நம் சிவில் சட்டப்படி யாரையும் கூட்டுச் சொத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஒரே ஒரு பங்காளி "என் பங்கைப் பிரித்துக் கொடு" என்று நின்றாலும், பிரிக்க முடியாத அளவுக்கு மனை சிறியது என்றால் கடைசியில் கோர்ட் ஏலம்தான். இது தெரிந்த ப்ரொமோத்தர் முதல் போனை மெல்பர்னுக்குத்தான் போடுவார். அங்கே இருப்பவருக்கு வீடு வெறும் ஞாபகம், வருகிற பணம் பணம். அவரையும் குறை சொல்ல முடியாது.

இதற்கு வழி இருக்கிறது, நிறையப் பேர் கேட்டே பார்ப்பதில்லை. மாடி கட்டும் உரிமையை மட்டும் தனியாக, சொத்துப் பத்திரம் எழுதும் சட்ட அலுவலரான நோட்டேர் முன்னால் பத்திரம் எழுதிப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே பாகம் பிரித்தும் வைக்கலாம். மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் சொத்தில் முக்கால் பங்கு அவர்களுக்கென்று சட்டமே ஒதுக்கிவிடுகிறது, யாரையும் ஒரேயடியாக விலக்கிவிட முடியாது. அதனால் பெண்ணுக்கு எதற்கு என்கிற பேச்சை இப்போதே விட்டுவிடலாம்.

பேச்செடுத்தால் அப்பாவுக்குக் கோபம் வரும், நான் இன்னும் சாகவில்லையே என்பார். வரட்டும். தைப்பூசத்துக்குக் காவடி பார்க்க வெளிநாட்டில் இருக்கிறவர்களும் ஊருக்கு வருவார்கள், அந்த வாரத்தில் ஒரு நாளை நோட்டேரிடம் இப்போதே கேட்டு வாங்கிவையுங்கள். போகும்போது பழைய பத்திரம், எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், இறந்தவர்களின் சான்றிதழ். அப்புறம் மாடிக்கு வாங்கிய பேங்க் கடன் காகிதங்கள், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.