மழைக்காலத்துச் சளியும் ஓரறை வீடும்

நேயர்களுக்கு என் வணக்கம். தண்டையார்பேட்டையில் பல ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்த்து வருகிறேன். ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் போதும், என் சிகிச்சை அறைக்கு வெளியே பெஞ்சு நிறைந்து, படிக்கட்டிலும் ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். சென்ற ஆண்டு அப்படியொரு மாலையில், காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் ஓர் அம்மா வந்தார். காய்ச்சல் 102 டிகிரி. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "இன்னா டாக்டரே, ஒரு ஊசி போட்டு வுடு, விடியக்காலம் மூணு மணிக்கு ஏலத்துக்குப் போவணும்" என்றார். வடசென்னையில் மருத்துவம் பார்க்கும் யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு நாளைக் கழித்திருக்க மாட்டார்கள்.

அந்த ஊசி என்ன செய்யும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலையும் உடல்வலியையும் சில மணி நேரம் அடக்கி வைக்கும்; அவ்வளவுதான். சாதாரண சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸில் மட்டும் 100-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் ஒன்றைக்கூட அந்த ஊசி தொடாது. காய்ச்சல் என்பதே வைரஸ் நம்மீது தொடுக்கும் தாக்குதல் அன்று. வைரஸை எதிர்கொள்வதற்காக மூளையிலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையம் உடலின் சூட்டைத் தானே உயர்த்துகிறது. கை கால் உளைச்சலும் பெரும்பாலும் நம்முடைய எதிர்ப்புச் சக்தி சுரக்கும் பொருள்களால் வருவதே. வலி தெரியாத அந்தச் சில மணி நேரத்தில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர், இரவில் முன்னைவிட மோசமாகப் படுத்துக்கொள்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சளிக்கும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் உள்ள வேறுபாடு, அது வருகிற விதத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். சளி, தொண்டைக் கரகரப்பில் தொடங்கி மூக்கொழுகலாக மெல்ல மெல்ல வந்து, ஏழு முதல் பத்து நாளில் விடைபெறும். ஃப்ளூவோ, காலையில் நன்றாக டீ குடித்துவிட்டு வேலைக்குப் போனவரை மத்தியானத்துக்குள் குளிரும் நடுக்கமுமாக வீட்டுக்குத் திருப்பி அனுப்பும். காய்ச்சல் மூன்று நான்கு நாள் நிற்கும், அசதி இரண்டு வாரம்கூட இழுக்கும். இந்தக் கணக்கை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவர், மூன்றாம் நாள் காய்ச்சல் விடவில்லை என்று பதறி ஒரே வாரத்தில் மூன்று டாக்டர்களிடம் ஓட மாட்டார்.

ஓய்வு எடுங்கள் என்று மருந்துச் சீட்டில் எழுதுவது எங்களுக்கு எளிது. நாள்கூலிக்கு ஓய்வு என்பது அன்றைய அடுப்பை அணைப்பதற்குச் சமம் என்பதையும் அறிந்தே சொல்கிறேன்: காய்ச்சல் அடிக்கும் முதல் இரண்டு மூன்று நாளையாவது உடம்புக்குக் கொடுத்துவிடுங்கள். நோய் மற்றவருக்கு மிக அதிகமாகத் தொற்றுவதும் அந்த நாட்களில்தான். மாத்திரையின் துணையின்றிக் காய்ச்சல் முழுதாக ஒரு நாள் வராமல் இருந்தால், மெல்ல வேலைக்குத் திரும்பலாம்.

சரி, பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் நோயாளியை எங்கே தனிமைப்படுத்துவது? கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் வீடுகளுக்குள் சென்று பார்த்திருப்பதால், தனி அறை என்ற பேச்சையே நான் எடுப்பதில்லை. நோயாளியின் பாயைக் கதவோரமாகவோ சன்னலோரமாகவோ போடுங்கள். மற்றவர்கள் தலைவைக்கும் பக்கம் அவருடைய கால் இருக்கட்டும். முகத்துக்கு முகம் படாமல் இருப்பதே பெரிய காரியம். வயதான பாட்டியையும் கைக்குழந்தையையும் அந்த ஒரு வாரம் அவர் பக்கத்தில் படுக்க விடாதீர்கள். அவரைக் கவனித்துக்கொள்பவர் முகக்கவசம் அணிந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். மழைக்குப் பயந்து கதவு சன்னலையெல்லாம் அடைத்து, உள்ளே கொசுவத்திச் சுருளையும் ஏற்றி வைப்பதுதான் நம் பகுதியில் நான் காணும் பெரிய தவறு. ஒரு சுருள் எரிந்து தீருவதற்குள் வெளிவரும் நுண்துகள், குறைந்தது 75 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும் மூச்சுக்குழாய்க்கு இது தேவையா? கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை எங்கள் பகுதிப் பெண்களுக்கு நான் கற்றுக்கொடுக்க வேண்டியது எதுவுமில்லை. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மிளகு ரசம், இட்லி, இளநீர் எல்லாமே நல்லவை. நண்டை இடித்துப் போட்டு வைக்கும் ரசம் சளியை முறிக்கும் என்பார்கள். முறிக்கிறதோ இல்லையோ, சூடும் காரமுமாக உள்ளே இறங்கும்போது மூக்கடைப்பு இளகுவதும், வாய் கசந்து கிடந்தவர் ஒரு கிண்ணமாவது குடிப்பதும் உண்மை. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடித்த தண்ணீர் போதவில்லை என்று பொருள். வாழைப்பழமும் தயிரும் சளி பிடிக்கும் என்று ஒதுக்குவதற்கு அடிப்படை இல்லை, பிடித்தால் சாப்பிடட்டும். இருமலுக்கு ஒரு தேக்கரண்டித் தேன் இதமளிக்கும். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கலாம்.

ஆவி பிடிப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆவி வைரஸைக் கொல்லாது. அடைப்புக்குச் சிறிது நேரம் இதமளிக்கும். பெரியவர்கள் நிதானமாகப் பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் கொதிக்கும் குண்டானைத் தரையில் வைத்து, குழந்தையை அதன்முன் உட்காரவைத்துப் போர்வையால் மூடும் பழக்கம் எனக்கு நடுக்கத்தைத் தருகிறது. நான்கு வயதுப் பெண் ஒருத்தி சூடு தாங்காமல் காலை உதறியதில் குண்டான் கவிழ்ந்து, தொடை இரண்டும் வெந்து என்னிடம் தூக்கி வரப்பட்டாள். அவளுக்கு இருந்தது இன்னும் மூன்று நாளில் தானே போயிருக்கக்கூடிய சளி. தீக்காய வார்டில் கிடந்ததோ மூன்று வாரம். அதேபோல, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சிக் கைக்குழந்தையின் மார்பிலும் மூக்கிலும் தடவாதீர்கள். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். குழந்தையின் மூக்கடைப்புக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

"காய்ச்சலுக்கு மூணு வேளைக்குக் குடுங்க" என்று கடையில் கேட்டு, சிறு காகித உறையில் பெயர் தெரியாமல் கத்தரித்துத் தரப்படும் மாத்திரைகளை வாங்கி விழுங்காதீர்கள். அதில் நுண்ணுயிர்க்கொல்லியான ஆன்டிபயாட்டிக் இருக்கலாம்; அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டது என்பதற்காக அது தேவை என்று எண்ணவும் வேண்டாம். கிருமியோடு போரிடும் வெள்ளையணுக்களிலுள்ள ஒரு நொதியின் நிறமே அந்தப் பச்சை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஒன்று போதும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறு மணி நேரம் விடுங்கள். எந்த நிலையிலும் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கல்லீரல் கெடும், குடிப்பழக்கம் உள்ளவருக்கு அதற்கு முன்பே கெடும். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்து விழுங்குபவர் தம்மை அறியாமலேயே அளவைக் கடந்துவிடுகிறார். மழைக்காலத்தில் எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கலாம் என்பதால், டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்ற வலிமாத்திரைகளைத் தாமாகப் போட்டுக்கொள்ளவே கூடாது. டெங்குவில் அவை இரத்தக்கசிவை மோசமாக்கும்.

வீட்டில் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பேச்சில் குழப்பம், நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கடுமையான வயிற்றுவலி ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள், அல்லது நேரே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது அதன் வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 என்ற எண்ணிக்கையை எட்டினால், அது வெறும் சளி அன்று. இரண்டு மாதம்கூட நிரம்பாத சிசுவுக்குக் காய்ச்சல் என்றால் எண்ணிக்கொண்டிராமல் உடனே தூக்கிச் செல்லுங்கள். நன்றாகத் தேறி வந்தவருக்கு ஐந்தாறு நாள் கழித்துக் காய்ச்சல் திரும்பினால், நுரையீரலில் பாக்டீரியா புகுந்திருக்கக்கூடும். கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஆஸ்துமாக்காரர்கள் ஆகியோர் ஃப்ளூ என்று சந்தேகம் வந்ததுமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கான வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

இருமல் மட்டும் இரண்டு வாரத்தைத் தாண்டினால், பெரும்பாலும் அது சளியின் மிச்சமாகத்தான் இருக்கும். ஆயினும் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், கட்டணமில்லை. காசநோய் என்றே தெரிந்தாலும் அஞ்ச வேண்டாம். சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் சேர்க்காமல், நெருக்கடியான வீடுகளிலேயே வைத்து மருந்து கொடுத்தும் அந்நோயைக் குணமாக்கலாம் என்று 1959-ல் உலகுக்குக் காட்டிய ஆய்வு, இந்தச் சென்னை நகரத்து ஏழை நோயாளிகளிடம் நடத்தப்பட்டதுதான்.

அந்த மீன்காரம்மாவுக்கு நான் ஊசி போடவில்லை. கோபித்துக்கொண்டுதான் போனார். ஒன்பதாம் நாள் மறுபடி வந்தவர், உட்காராமல் வாசலிலேயே நின்றபடி, "நேத்து வரைக்கும் கூடைல இன்னா மீனு கீதுன்னே மூக்குக்குத் தெர்ல டாக்டரே, இன்னைக்குக் காத்தால நெத்திலி வாசனை நல்லா வந்திச்சு" என்றார். கூடையைத் தூக்கினீர்களா என்று கேட்டேன். வெளியே கையைக் காட்டினார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவருடைய மகன் நின்றிருந்தான்.