சராசரிக்குள் யார் இருக்கிறார்கள்?

(கிருஷ்ணகிரியில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கணித உளவியல், அதாவது மனது வேலை செய்யும் விதத்தைக் கணக்கால் விளக்குவது, என்று தலைப்பு போட்டால் கணக்குத் துறைக்காரர்கள் "இது உளவியல்" என்று நழுவிவிடுவார்கள், உளவியல்காரர்கள் கணக்குக்குப் பயந்து வரமாட்டார்கள். இருந்தும் அரங்கு நிறைந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்காகத்தான் என்றாலும் சந்தோஷமே.

உங்களுக்குத் தெரிந்த இடத்திலேயே ஆரம்பிக்கிறேன். மாம்பழக் கூழ் ஆலையில் லாரி வந்து பெங்களூரா காயைக் கொட்டுகிறது. அழுகல், அடிபட்டது எல்லாவற்றையும் பெண்கள் உட்கார்ந்து கழிக்கிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கு. 100 நல்ல காய், 100 கெட்ட காய். முதல் பெண் கெட்டதில் 90-ஐப் பிடித்துவிடுகிறார். கூடவே நல்லதில் 40-ஐயும் கழித்துவிடுகிறார். இரண்டாமவர் கெட்டதில் 60-தான் பிடிக்கிறார், ஆனால் நல்லதில் 10-தான் வீண். யாருக்குக் கண் கூர்மை?

கெட்டதை எண்ணும் மேஸ்திரி முதல் பெண்ணைப் புகழ்வார். வீணானதை எண்ணும் முதலாளி இரண்டாமவரைப் புகழ்வார். உளவியலாளர்கள் டேவிட் கிரீனும் ஜான் ஸ்வெட்ஸும் 1966-ல் நூலாக விரித்து எழுதிய சமிக்ஞை கண்டறிதல் கோட்பாடு, கூர்மையைத் தனியாகவும் முடிவெடுக்கும் கோட்டைத் தனியாகவும் அளக்கிறது. அதன்படி கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவருக்கும் கூர்மை ஒன்றேதான், சுமார் 1.53 (நல்லது கெட்டது பிரிக்கவே தெரியாதவருக்கு இது 0). எவ்வளவு சந்தேகம் வந்தால் கழிப்பது என்ற கோட்டை ஆளுக்கு ஓர் இடத்தில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில் திட்டு, கூலிப் பிடித்தம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு "இவளுக்குக் கண் சரியில்லை" என்று சொல்வது எவ்வளவு அநியாயம் பாருங்கள்.

பதில் சொல்ல ஆகும் நேரத்துக்கும் இதே கதைதான். உளவியலாளர் ரோஜர் ராட்கிளிஃப் 1978-ல் ஒரு கணித மாதிரியை முன்வைத்தார். மனது சான்றுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறது, ஓர் எல்லையைத் தொட்டதும் முடிவு. சான்று சேரும் வேகம் தனி, எல்லை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது தனி, பார்ப்பதற்கும் பொத்தானை அழுத்துவதற்கும் ஆகும் நேரம் தனி. பின்னாளில் அவரும் சக ஆய்வாளர்களும் முதியவர்களைச் சோதித்தபோது, பல சோதனைகளில் சான்று சேரும் வேகம் இளைஞர்களுடையதைப் போலவே இருந்தது. தாமதத்துக்குப் பெரிய காரணம் முதியவர்களின் நிதானம். தாத்தா மெதுவாகப் பதில் சொன்னால் புத்தி மழுங்கிவிட்டது என்று தீர்ப்பு எழுதுகிறோமே, அதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசிவிட்டுத் தமிழில் தேர்வு எழுதும் தேன்கனிக்கோட்டைப் பிள்ளைக்கும் இது பொருந்தும். வாசிக்க ஆகும் நேரத்தை யோசிக்க ஆகும் நேரத்தோடு சேர்த்து எண்ணினால் அவன் மந்தம் என்றுதான் விடை வரும்.

அப்புறம் சராசரி. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் கற்றுத் தருகிறீர்கள். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் சட்டென்று பிடிபடுகிறது. ஒருவனுக்கு மூன்றாம் முறை, இன்னொருத்திக்கு ஒன்பதாம் முறை. பத்துப் பேரையும் கூட்டிச் சராசரி வரைந்தால் மெல்ல மெல்ல ஏறும் அழகான வளைவு கிடைக்கும். அந்த வளைவுபோலக் கற்ற பிள்ளை ஒன்றுகூட இல்லை! குழுவின் வளைவைக் காட்டித் தனி ஆளைப் பற்றிப் பேசாதே என்று உளவியலாளர் வில்லியம் எஸ்டெஸ் 1956-லேயே எச்சரித்தார். இன்றும் ஆய்வேடுகளில் அந்த வளைவு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு மருந்தாகப் படிநிலை மாதிரிகள் என்ற கணக்கு முறைகள் வந்தன. ஒவ்வொருவருக்கும் தனி மதிப்பு உண்டு, அதே சமயம் குழுவிலிருந்தும் தகவல் கடன் வாங்கலாம். எனக்குப் பிடித்த முறை. ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது. யாரிடம் தரவு குறைவோ அவர்களின் மதிப்பைக் குழுவின் நடுப்புள்ளி தன் பக்கம் அதிகமாக இழுக்கும். ஆய்வில் 200 நகரத்துப் பிள்ளைகள், அஞ்செட்டிப் பக்கத்து இருளர் பிள்ளைகள் 4 பேர், அவர்களும் ஆளுக்கு ஐந்தாறு கேள்விதான் செய்தார்கள் என்று வையுங்கள். எல்லோரையும் ஒரே குழுவாக வைத்தால் அந்த 4 பேரும் நகரத்துப் பிள்ளைகள் மாதிரியே தெரிவார்கள். "வித்தியாசமே இல்லை" என்று நாம் மகிழ்ந்து எழுதுவோம். கணக்கில் பிழை கிடையாது. அந்தப் பிள்ளைகளைத்தான் காணோம்.

பலரையும் சேர்ப்பதை மனிதாபிமான விஷயமாக மட்டும் பேசுவது எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான். அது முறையியல் விஷயம், ஆய்வின் முடிவே சரியா தவறா என்ற விஷயம். உளவியல் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதம் மட்டுமே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2010-ல் ஹென்ரிக், ஹெய்ன், நோரென்சயன் மூவரும் சுட்டிக்காட்டினார்கள். அந்தத் தரவிலிருந்து வந்த நடுப்புள்ளி நம்மையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது.

கருவிக்குப் பஞ்சமில்லை. புள்ளிவிவரக் கணக்குப் போடும் மென்பொருள்களான, நியூசிலாந்தில் பிறந்த ஆர் (R), ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரும் ஜாஸ்ப் (JASP) இரண்டும் இலவசம். ஆய்வகத்துப் பழைய கணினியிலேயே ஓடும். பஞ்சம் ஆட்களுக்குத்தான். பழங்குடியினர் வாழும் சித்தேரி மலையில் ஆய்வு என்றால் அந்த ஊர்க்காரரைத் தரவு கொடுக்க மட்டும் கூப்பிடாதீர்கள். கேள்வித்தாள் எழுதும்போதே அவர் உடன் இருக்கட்டும். "இந்தப் படம் எங்கள் பிள்ளைக்குப் புரியாது" என்று அவர் முதல் நாளே சொல்லிவிடுவார். நமக்கு அது ஆய்வுக் கட்டுரையை மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பிய பிறகுதான் தெரியும்.

சரி, கையில் இருக்கும் ஆய்வேட்டை இன்று ராத்திரி திறந்து, ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் தனித்தனியாக வரைபடம் போட்டுப் பாருங்கள். சராசரியை அதற்கப்புறம் வரையலாம். இனி நீங்கள் கேளுங்கள்.