"முன்னால ஒருத்தன் இருந்தானாமே"

இலங்கை மலையகத்தின் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கல்யாணப் பேச்சு நடக்கும் வயதிலுள்ள இளைஞர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்.

அன்புத் தம்பிமாரே, தங்கச்சிமாரே!

தோட்டத்தில் ரகசியம் நிற்காது. நம் வரிசை வீடுகளான லயத்தில், ஒரு காம்பராவில், அதாவது ஒரு அறையில், இருமினால் நாலாவது காம்பராவில் கேட்கும். அதனால் சம்பந்தம் பேசத் தொடங்கிய வாரமே மாப்பிள்ளையின் காதில் யாராவது போட்டுவிடுவார்கள்: "அந்தப் புள்ளைக்கு முன்னால ஒருத்தன் இருந்தானாமே." சொன்னவருக்குத் தெரிந்தது கால்வாசி. மீதி முக்கால்வாசியை, கேட்டவன் ராத்திரி படுத்துக்கொண்டு தானே இட்டு நிரப்புகிறான்.

அவனிடம் "உனக்கு என்னதான் தெரியவேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் அவனுக்கே தெரியாது. அவள் இன்னும் அந்த ஆளை நினைக்கிறாளா என்பது ஒரு கேள்வி. நாளைக்கு லயத்தில் நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களா என்பது வேறு கேள்வி. முதலாவதை அவளிடம் கேட்கலாம். இரண்டாவதற்கு அவள் என்ன பதில் சொல்ல முடியும்? லயத்துக்குப் பயந்துகொண்டு அவளைக் குடைவது நியாயமில்லை.

1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. நம் பிள்ளைகளும் அங்கே கார்மென்ட் வேலைக்குப் போகிறார்கள். போய்வந்த பெண் என்றாலே பெண் பார்க்க வருகிறவர்கள் ஒரு மாதிரி விசாரிக்கிறார்கள். அவள் அனுப்பிய சம்பளத்தில் தம்பி படித்தான், கூரைத்தகரம் மாறியது. அதை யாரும் விசாரிப்பதில்லை. அதே காலத்தில் கொழும்புப் புடவைக்கடையில் நின்ற பையனின் காதல் கதையோ சிரிப்பாகப் போய்விடும். இப்படியொரு ஓரவஞ்சனையை வைத்துக்கொண்டு "நான் உண்மையைத்தானே கேட்டேன்" என்று சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. கேட்கிறவன் முதலில் தன்னுடையதைச் சொல்லட்டும்.

முன்னால ஒருத்தர் மனசில் இருந்தது என்பது மலையகத்துக்குப் புதுசும் இல்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளிச் சனத்தில் 525,000 பேரை இந்தியா எடுப்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து கணக்குப் போட்டன. இந்தியாவுக்குக் கப்பலேற ஆட்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலுக்கு நம் சனம் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர் வைத்தது. அதில் போனவர்களில் பேசி முடித்த மாப்பிள்ளையும் இருந்திருப்பான், ஒருவருக்கும் சொல்லாமல் மனசில் வைத்திருந்தவனும் இருந்திருப்பான். இங்கே நின்றவள் வேறொருவரைக் கட்டி, கொழுந்து பறித்து, பிள்ளைகளை வளர்த்து வாழ்ந்தாள். அவளுக்கு மனசு சுத்தமில்லை என்று பேசுவோமா? நம் பாட்டி என்றால் பேசமாட்டோம்.

சரி, அப்படியென்றால் எதையுமே கேட்கக் கூடாதா? கேட்கத்தான் வேண்டும். சட்டத்தோடு தொடர்புள்ளதைக் கட்டாயம் கேளுங்கள். கொழும்பில் இருந்தபோது அவசரத்தில் ரெஜிஸ்டர் பண்ணிவிட்டு, அப்புறம் பிரிந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். தாலி கட்டவில்லை, சேர்ந்து வாழவில்லை, அதனால் அது கல்யாணமே இல்லை என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். பதிவாளர் முன் கையெழுத்து விழுந்துவிட்டால் அது கல்யாணம்தான். மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து எடுக்காமல் இன்னொருவரைக் கட்டினால் அந்த இரண்டாவது செல்லாது, குற்றமும்கூட. பிள்ளை இருந்தால் அதையும், பழைய ஆளுக்காகப் பட்ட கடன் இருந்தால் அதையும் நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மற்றப்படி எங்கே சந்தித்தீர்கள், எத்தனை மெசேஜ், கையைப் பிடித்தானா என்றெல்லாம் கேட்டு என்ன செய்யப்போகிறோம்? பதில் கிடைத்தால் மனம் ஆறிவிடும் என்று நினைக்கிறோம். ஆறாது, அடுத்த கேள்வி முளைக்கும். இந்த விசயத்தில் நம்முடைய விவாகச் சட்டம் நம்மைவிடப் பக்குவமானது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, கணவனோ மனைவியோ வேறொருவரோடு தொடர்பு வைத்தால் விவாகரத்துக் கேட்கலாம். ஆனால் அது விவாகத்துக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும். முந்தியது அந்தக் கணக்கில் வராது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதில் எல்லாமே நல்லதென்று நான் சொல்லமாட்டேன், இது நல்லது.

ஒரு தங்கச்சி பேர் போடாமல் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார்: "பழையவன் போட்டோக்களை வைத்துக்கொண்டு மிரட்டுகிறான். கட்டப்போகிறவரிடம் சொல்லலாமா?"

சொல்லிவிடுங்கள் தங்கச்சி, அவன் சொல்வதற்கு முந்தி. காசு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒருதரம் கொடுத்தால் மறுபடியும் கேட்பான். அவன் அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம், முறைப்பாட்டுக்குத் தேவைப்படும். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுங்கள். பொலிசுக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், நானும் கூட வருகிறேன்.