அணியைக் கலைத்தால் பணம் மிஞ்சுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகள் நட்டத்தில் ஓடும் கால்பந்து அணியைக் கலைத்தால் பணம் மிஞ்சும் என்று எதிரணியினர் சாதித்தார்கள். நாம் ஆடும் கால்பந்து அல்ல இது; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. கலைத்துப் பார்த்த ஓர் ஊருக்கே உங்களை அழைத்துப் போகிறேன்.

அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம். 2014 டிசம்பர் 2 அன்று, அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத் தலைவர் ரே வாட்ஸ் கால்பந்து அணியைக் கலைப்பதாக அறிவித்தார். அணியை நடத்த ஐந்தாண்டுகளில் கூடுதலாக 4 கோடியே 90 லட்சம் டாலர் வேண்டும் என்றார். அந்தப் பருவத்தில் ஆறு ஆட்டங்களை வென்றிருந்த பிள்ளைகள் வேறு கல்லூரி தேட வேண்டியதாயிற்று.

எதிரணியினர் நம்பும் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். கல்லூரிக் கால்பந்தின் இந்த உச்ச மட்டத்தில் ஆடும் அணிக்கு அன்று 85 கல்வி உதவித்தொகைகள் வரை உண்டு. அந்தப் பிள்ளைகளின் கட்டணத்தை விளையாட்டுத் துறை யாருக்குக் கட்டுகிறது? அதே பல்கலைக்கழகத்துக்கு! துறையின் ஏட்டில் அது செலவு, பல்கலைக்கழகத்தின் ஏட்டில் வரவு. வலக்கை கொடுப்பதை இடக்கை வாங்கிக்கொள்கிறது. நடந்துகொண்டிருக்கும் வகுப்பில் இன்னொரு நாற்காலி போட முழுக் கட்டணமா செலவாகும்? பொருளாதார அறிஞர்கள் அந்தக் கணக்கை மறுபடி எடுத்தபோது இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். ஏட்டுச் சுரைக்காயை நம்பி உலை வைத்துவிட்டார்கள், ஐயா!

இழப்பு கால்பந்தோடு நிற்கவும் இல்லை. கல்லூரிகள் தங்களுக்குள் போட்டியிட அமைத்த கூட்டமைப்புகளில், அவர்கள் இருந்த ‘கான்ஃபரன்ஸ் யுஎஸ்ஏ’வில் கால்பந்து ஆடாத கல்லூரிக்கு இடம் கிடையாது. ஆகவே கூடைப்பந்து அணியின் இடமும் ஆட்டம் கண்டது.

2009இல் கால்பந்தை நிறுத்திய நியூயார்க் மாநிலத்து ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகம், ஆண்டுக்கு 45 லட்சம் டாலரைப் படிப்புக்குத் திருப்பியதாக எதிரணி நண்பர் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஆட்டம் பார்க்க வந்தவர்களே குறைவு. பர்மிங்காமில் ஊரே கொதித்தெழுந்தது. நகராட்சியும் நிறுவனங்களும் மாணவர்களும் கோடிக்கணக்கான டாலர் தருவதாக முன்வந்தார்கள். ஆறே மாதத்தில், 2015 ஜூன் 1 அன்று, அதே வாட்ஸ் அணி திரும்ப வரும் என்று அறிவித்தார்.

கலைப்பதற்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. திரும்பக் களமிறங்க 2017 செப்டம்பர் வரை ஆயிற்று. முதல் ஆட்டத்துக்கு லீஜியன் ஃபீல்டு மைதானத்தில் 45,000 பேருக்கு மேல் திரண்டார்கள். மறு ஆண்டே கூட்டமைப்பின் கோப்பையையும் வென்றது அந்த அணி.

நடுவர் அவர்களே, இடையில் 2015, 2016 என்று இரண்டு பருவங்கள் ஒரு டிக்கெட்கூட விற்காமல் போயின. ஊரைவிட்டுப் போன ஆட்டக்காரர்களுக்குப் பதிலாகப் புதியவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். எதிரணி நண்பர்கள் தங்கள் மிச்சக் கணக்கில் இவற்றை எந்த வரியில் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டு அமர்கிறேன்.