பறவைகள் பறந்துபோன பிறகும் சுழலும் கம்பி

நேயர்களுக்கு வணக்கம். வட இத்தாலியில் கார்தா ஏரிக்கு மேற்கே பிரேஷா என்றொரு ஊர் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலை ஏறத் தொடங்கும் இடம். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இலையுதிர் காலத்து ஞாயிற்றுக்கிழமை என்றால் 'ஸ்பியேதோ'தான். நீளமான இரும்புக் கம்பிகளில் இறைச்சியைக் கோத்து, தணலில் காட்டி மெல்லச் சுழலவிடுவார்கள்.

முதலில் இது வேட்டைக்காரர்களின் சாப்பாடு. வலசை போகும் சிறு பறவைகள் இலையுதிர் காலத்தில் ஆல்ப்ஸைத் தாண்டித் தெற்கே வரும். மரங்களை வட்டமாக வளர்த்து, நடுவில் வலை கட்டிப் பிடிப்பார்கள். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பறவைகள் அவை. மலைக்காட்டு ஏழைக் குடும்பங்களுக்குக் கறி என்றால் பெரும்பாலும் அதுதான்.

1979இல் ஐரோப்பாவில் பறவைப் பாதுகாப்பு ஆணை வந்தது. 1992இல் இத்தாலி தன் வேட்டைச் சட்டத்தைத் திருத்தி எழுதியது. ராபின் போன்ற பாடும் பறவைகளைக் கொல்வது இன்று குற்றம். அது மிக நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். கம்பி மட்டும் நிற்கவில்லை.

இன்று அதில் பன்றி இறைச்சிதான் முக்கியம். மெல்லிய துண்டாக அரிந்து, ஒரு சேஜ் இலையை வைத்துச் சுருட்டுவார்கள். சேஜ் நம் துளசியின் குடும்பம். வாசனை மட்டும் இன்னும் காட்டமாக இருக்கும். இந்தச் சுருளுக்குப் பெயர் 'மொம்போலீனோ'. அப்புறம் விலா எலும்பு, கோழி, முயல். இடையிடையே உருளைக்கிழங்கு வில்லைகள்.

சமையல் வகுப்பில் இதைச் சொன்னால், "மசாலா என்ன?" என்றுதான் முதல் கேள்வி வரும். மசாலா கிடையாது. சேஜ், வெண்ணெய், உப்பு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் நேரம்: நாலு மணி நேரம், சில வீடுகளில் ஆறு. முதலில் வெறும் அனல். இறைச்சியின் ஈரம் வற்றி, அதன் கொழுப்பே கசிந்து வரவேண்டும். அதற்குப் பிறகுதான் உருக்கிய வெண்ணெயை ஊற்றுவார்கள். அது கீழேயுள்ள தட்டில் சொட்டும். அதை அள்ளி மறுபடி மேலே விடுவார்கள். உப்பும் அந்தக் கட்டத்தில்தான். பல மணி நேரம் இந்த வெண்ணெயில் ஊறிய உருளைக்கிழங்குதான் என் கணக்கில் இதில் முதல் ருசி, இறைச்சி அடுத்துத்தான்.

இவ்வளவு நேரம் யார் கம்பியைத் திருப்புவது? பழைய வீடுகளில் எடைக்கல் தொங்கவிட்ட பல்சக்கரக் கருவி அந்த வேலையைச் செய்தது. லியோனார்டோ தா வின்சிகூட ஒன்று வரைந்திருக்கிறார். புகைபோக்கியில் மேலேறும் வெப்பக்காற்று விசிறியைச் சுழற்றும், விசிறி கம்பியைச் சுழற்றும். நெருப்பு கூடினால் வேகமும் கூடும்! இப்போது மோட்டார் வந்துவிட்டது.

பக்கத்தில் பொலெந்தா இருக்கும். மக்காச்சோள மாவைச் செப்புப் பாத்திரத்தில் கிளறிக் கிளறி, நம் களி மாதிரி கெட்டியாக எடுப்பது. தட்டில் சேர்ந்த வெண்ணெயை அதன்மேல் விட்டுச் சாப்பிடுவார்கள்.

பிரேஷா இருக்கும் லொம்பார்டி மாநிலத்தில் இதற்கு உறவான இன்னொரு பண்டமும் உண்டு. அதே மாதிரி சேஜ் வைத்துச் சுருட்டிக் குச்சியில் கோத்த இறைச்சி, பறவை ஒன்றுகூடக் கிடையாது. அதன் பெயர் 'உச்செல்லி ஸ்கப்பாத்தி'. தமிழில் சொன்னால், தப்பித்துப் பறந்த பறவைகள்.