உத்தரவு வந்து சேராத நாளில்

திருகோணமலை மாவட்டத்தின் பல அலுவலகங்களிலிருந்து வந்து கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தபோது இங்கே காலை ஏழு மணிகூட ஆகியிருக்கவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் சுனாமி அலை ஏறுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணிநேரம் இருந்தது. ஹவாயிலுள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் அதிர்வைப் பதிவு செய்திருந்தும், அச்செய்தியைப் பெற்று நம் கரைக்குச் சொல்வது இந்நாட்டில் எந்த அலுவலகத்தின் கடமையாகவும் இருக்கவில்லை. காயப்பட்டோரை ஏற்றிருக்க வேண்டிய கிண்ணியா வைத்தியசாலையையே கடல் சிதைத்துவிட்டது.

அதன் பின்னரே 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வந்தன. அவை வேண்டியவையே. ஆனால் தொலைபேசி செயலிழந்து, பாதை நீரில் மூழ்கிய பிறகு, ஓர் அலுவலகத்தின் தாங்குதிறன் அங்கே எஞ்சியிருக்கும் மிக இளைய உத்தியோகத்தர் எதைத் தாமாகத் தீர்மானிக்கலாம் என்பதிலேயே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், வெள்ளத்தில் சிக்கிய குடும்பங்களுக்காக ஒருவர் அனுமதிக்குக் காத்திராமல் களஞ்சியத்தைத் திறந்து அரிசி கொடுத்தார். பிள்ளைகள் அன்றிரவு பசியின்றி உறங்கினார்கள். மாதங்கள் கழித்து, அச்செலவுக்கு விளக்கம் கேட்டு அவருக்குக் கணக்காய்வு ஐயவினா வந்தது. நாங்கள் எவரும் அவருக்காக எழுந்து பேசவில்லை. அடுத்த வெள்ளத்தில் அவர் உத்தரவுக்காகக் காத்திருந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணக்காய்வு அவசியம்தான், ஆயினும் எந்தப் பதவியிலுள்ளவர், எந்த நிலைமையில், எவ்வளவு வரை செலவிடலாம் என்பது வெள்ளத்துக்கு முன்பே எழுத்தில் கையளிக்கப்பட்டிருந்தால் அந்த வினாவுக்கு இடமே இருந்திருக்காது.

2022 இல் கடல் பொங்கவில்லை. எரிபொருள் தீர்ந்து, மின்வெட்டு ஒருநாள் பதின்மூன்று மணிநேரம் வரை நீண்டது. கணினியில் மட்டும் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம் அப்படியான நாளில் கைகட்டி நிற்க வேண்டியதுதான். தம் பிரிவின் வீடுகளையும், அவற்றிலுள்ள முதியோரையும் கர்ப்பிணிகளையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கும் கிராம உத்தியோகத்தருக்கு அந்த முடக்கம் இல்லை.

வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், ஒவ்வொரு பிரதேச செயலகமும் ஒருநாள் தொலைபேசியும் மின்சாரமும் இன்றி, தலைமை அதிகாரியும் இன்றி இயங்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்று எந்த வேலை, யாருடைய கையொப்பத்துக்காக நின்றுபோனது என்பதைக் குறித்து, மறுநாளே அரசாங்க அதிபரின் மேசையில் வையுங்கள்.