திரைச்சீலை திறக்காத காலை

("இங்கிலாந்துக் கிராமத்து அமைதி தருவது மனநிறைவா, தனிமையா?" ரெடிங் நகரில் நடந்த பொங்கல் விழாப் பட்டிமன்றத்தில், 'மனநிறைவே' என்ற அணியில் பேசிய உரை.)

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, தங்கையே, இந்தக் குளிரிலும் பொங்கல் கொண்டாட வந்து அரங்கை நிறைத்திருக்கும் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். குளிர்காலத்தில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, தெருவிளக்குகூடக் கிடையாது என்றார். பஸ் இல்லை என்றார். கடைசியாக ஒன்று சொன்னார், நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள்: "அந்த ஊரில் செத்துக் கிடந்தாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது." அந்தக் கடைசி வார்த்தைக்குப் பதில் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

நான் சோழவந்தானில் பிறந்தவள். வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும் தெரு எங்கள் தெரு. இன்று நான் இருப்பது ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் தெற்கு ஓரத்தில், சில்டர்ன் குன்றுகளின் மேல் ஒரு சின்ன ஊர். நூறு வீடுகூட இருக்காது. ஒரு சர்ச், ஒரு பப், ஒரு கிராம மன்றம், அவ்வளவுதான். வேலை மருத்துவமனையில், நர்ஸ். பாதி நாள் இரவுப் பணி.

குடி வந்த அடுத்த வருஷம் என் அம்மா ஆறு மாத விசாவில் வந்தார்கள். வந்த மறுநாளே சொன்னார்கள், "என்னடி இது, ஊரா இல்ல சுடுகாடா? காக்கா கத்துறது மட்டும்தான் கேக்குது." அண்ணன் சொன்ன அதே வார்த்தை. ஆனால் அம்மாவின் பழக்கம் விடுமா? காலையில் ஆறு மணிக்கு எழுந்து, முன்னறைத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, காபியோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார்கள். எட்டு மணி தாண்டியதும் பக்கத்து வீட்டம்மா நாயைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாகப் போவார். எழுபது வயதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர். ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்துவார். அம்மாவும் கையை உயர்த்துவார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. இதுதான் மூன்று மாதமாக நடந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள். நான் இரவுப் பணியில் இருந்தேன், வீட்டுக்காரர் வேலை விஷயமாக வெளிநாட்டில். மகள் அப்போது பிறக்கவில்லை. விடியற்காலையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். கணுக்காலில் எலும்பு விரிசல். எழுந்திருக்க முடியவில்லை, போன் படுக்கையறையில். குளிர்ந்த தரையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டம்மா வழக்கம்போல நாயோடு வந்தவர் ஜன்னலைப் பார்த்திருக்கிறார். திரைச்சீலை திறக்கவில்லை. நடுவர் அவர்களே, அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கதவைத் தட்டினார், பதில் இல்லை. திரும்பித் தன் வீட்டுக்குப் போய், பார்சல் வந்தால் வாங்கி வைப்பதற்காக நாங்கள் கொடுத்து வைத்திருந்த சாவியை எடுத்து வந்து திறந்தார்.

பணி முடிந்து காரில் ஏறும்போதுதான் போனைப் பார்த்தேன், பதறி அடித்துக்கொண்டு வந்தேன். வாசற்படியில் ஒரு ஜோடி வெலிங்டன் பூட்ஸ், சேறு காயாமல், ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தது. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவோம் என்பதை அவர் எப்போதோ கவனித்திருக்கிறார். ஒரு மனுஷி உள்ளே விழுந்து கிடக்கிறாளோ என்று பதறி நுழைகிற நேரத்திலும் அதை மறக்கவில்லை. உள்ளே போனால், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அம்மாவுக்குக் கம்பளி போர்த்திவிட்டு, அந்த வயதில் அவரும் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா தமிழில் புலம்புகிறார்கள், அவர் ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்கிறார். நாய் வாசலை மறித்துப் படுத்திருக்கிறது.

செத்துக் கிடந்தாலும் தெரியாது என்றீர்களே அண்ணா, ஒரு திரைச்சீலை ஒரு நாள் இரண்டு மணி நேரம் மூடியிருந்தது அந்த ஊரில் தெரிந்துவிட்டது. ஊரில் நம் தெருவில் குரல் கொடுத்தால் வருவார்கள், மறுக்கவில்லை. இங்கே குரல் வராததைக் கவனித்து வந்தார்கள். அமைதியான ஊரில்தான் இது முடியும். எப்போதும் ஒரே மாதிரி இருக்கிற இடத்தில் ஒன்று மாறினால் சட்டென்று கண்ணில் படும்.

அடுத்து, அந்த மக்கள் யாரோடும் ஒட்ட மாட்டார்கள் என்று தங்கை சொன்னார். இதற்கு நான் ஒரு கிணற்றைக் காட்டுகிறேன். ரெடிங்கிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணம்தான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஸ்டோக் ரோ என்ற கிராமத்தில் இருக்கிறது, மகாராஜா கிணறு.

சில்டர்ன் குன்றுகள் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழையெல்லாம் கீழே இறங்கிவிடும், மேலே தண்ணீர் நிற்காது. குட்டைத் தண்ணீரைத்தான் அந்தச் சனங்கள் குடித்தார்கள். அந்தப் பக்கத்து எட்வர்ட் ரீட் என்பவர் வட இந்தியாவில் அதிகாரியாக இருந்தபோது அங்கே ஒரு கிணறு வெட்ட உதவியவர். தன் ஊர்ப் பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டத்தையும், வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டதற்காக ஒரு சிறுவன் அடி வாங்கியதையும் அவர் காசி மகாராஜாவிடம் சொல்லியிருக்கிறார். மகாராஜா அதை மறக்கவில்லை. அவர் கொடுத்த பணத்தில் 1864-இல் கிணறு திறக்கப்பட்டது. ஆழம் 368 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. விமானத்தை முழுசாக உள்ளே இறக்கினாலும் மேலே இன்னும் 150 அடி மிச்சம் இருக்கும். அவ்வளவையும் மனிதர்கள் கையால் தோண்டினார்கள். ஊர் மக்களுக்குத் தண்ணீர் இலவசம். பராமரிப்புச் செலவுக்குப் பக்கத்திலேயே செர்ரித் தோட்டம் போட்டார்கள்.

குழாய்த் தண்ணீர் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் கிணற்றின் மேலே இருக்கும் மண்டபமும் அதற்குள் நிற்கும் தங்க நிற யானையும் இன்றைக்கும் பளபளவென்று இருக்கின்றன. குடித்த தண்ணீரை நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் நினைத்துப் பார்க்கிற சனத்தை ஒட்டாத சனம் என்று எப்படிச் சொல்வது?

இந்த அமைதி தானாக வந்ததும் இல்லை. ஊருக்கு ஊர் பாரிஷ் கவுன்சில், 1894-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது. நம்மூர் ஊராட்சி மாதிரி. கூட்டத்தில் போய் உட்கார்ந்து நானும் பேசியிருக்கிறேன், வளைவில் வண்டிகள் வேகமாக வருவதைப் பற்றி. என் நிறத்தையோ உச்சரிப்பையோ யாரும் பார்க்கவில்லை, எந்த வளைவு என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். வயலின் குறுக்கே பொது நடைபாதை போனால், விவசாயி உழுத பிறகு பதினான்கு நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு அதைத் திரும்பச் சரிசெய்து கொடுக்க வேண்டும். நிலம் அவருடையது, நடக்கும் உரிமை என்னுடையது! சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத நான், பார்லி விளைந்து நிற்கும்போது நடுவில், பொது நடைபாதையைக் காட்டும் மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்து நடந்து போகிறேன். இதைவிடப் பெரிய வரவேற்பு எனக்கு வேண்டியதில்லை.

பண்ணை வாசலில் ஒரு மரப்பெட்டி, அதில் முட்டை. பக்கத்தில் காசு போட ஒரு தகர டப்பா, காவலுக்கு ஆள் கிடையாது. என் மகள் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணிப் போடுவாள். முட்டையில் சில நாள் சின்ன இறகு ஒட்டியிருக்கும், அதை எடுத்து வைத்துக்கொள்வாள். நேர்மையைப் பற்றி நான் அவளுக்குத் தனியாகப் பாடம் எடுத்ததில்லை.

சரி, பஸ். அண்ணன் சொன்னது உண்மை. எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், அது அநியாயம், நானும் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கார் ஓட்ட முடியாத முதியவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் அதற்கப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டுமல்லவா? ஊரில் ஒரு பட்டியல் போட்டார்கள். யாருக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமோ அவர் முந்தின நாள் போன் செய்தால், பட்டியலில் இருக்கும் யாராவது தங்கள் காரில் கூட்டிப் போவார்கள். செவ்வாய்க்கிழமை என் முறை.

இருட்டு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். டிசம்பரில் மனசு கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். ஆனால் தெருவிளக்கு இல்லாததால்தான் என் மகளுக்கு வாசலில் நின்றபடியே கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்ட முடிகிறது. ஜூன் மாதத்தில் ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கிறதே, அதை எதிரணியில் ஒருவரும் சொல்லவில்லை.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அம்மா சோழவந்தானுக்குத் திரும்பிப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. போன் செய்தால் என்னைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "நாய்க்காரம்மா எந்திரிச்சிட்டாங்களா?" என்றுதான் கேட்பார்கள். அந்த நாய் இப்போது இல்லை. அவருக்கும் எண்பதைத் தாண்டிவிட்டது, நடை குறைந்துவிட்டது. இரவுப் பணி முடிந்து வந்து காரை நிறுத்தியதும், என் வீட்டுக் கதவைத் திறக்கும் முன் நான் அவர் வீட்டு ஜன்னலைப் பார்க்கிறேன். அவர் வீட்டுச் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. இன்று காலையும் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். திரைச்சீலை திறந்திருந்தது, அவர் கையை உயர்த்தினார்.

நன்றி, வணக்கம்.